மணிக்கட்டு வழியே இதயத்திற்கு

நோயாளியின் மணிக்கட்டைப் பற்றி நாடி பார்ப்பது மருத்துவ உலகில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். தமிழ்நாட்டுச் சித்த மருத்துவர்கள் மூன்று விரல்களை அவ்விடத்தில் வைத்து, வாத பித்த கபங்களின் நிலையை ஆராய்ந்தனர். மேனாட்டு மருத்துவர்களும் அவ்விடத்திலேயே இதயத் துடிப்பை எண்ணுகின்றனர். கட்டைவிரலின் அடிப்பக்கத்தில், எலும்பின் மேலாக, தோலுக்குச் சற்றே கீழே ஓடும் சிறு தமனி ஒன்றே அங்குத் துடிக்கின்றது. ஆரைத் தமனி என்பது அதன் பெயர். இதயம் சுருங்குந்தோறும் எழும் குருதி அலை அத்தமனியில் வந்து மோதுவதையே விரல்கள் உணர்கின்றன.

நெடுங்காலம் இதயத்தின் செய்தியை உரைக்கும் தூதனாக மட்டுமே விளங்கிய இத்தமனி, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மற்றொரு பெரும்பணியையும் ஏற்றது. இதயத்தின் தமனிகளில் உண்டாகும் அடைப்பை நீக்கும் கருவிகள் செல்லும் வழியாகவும் அது பயன்படலாயிற்று. அகன்ற வழி வேறொன்று இருக்க, இக்குறுகிய வழியை மருத்துவர்கள் தேர்ந்தமைக்குக் காரணம் யாது? அதனை உணர்வதற்கு இதயத்தின் அமைப்பையும் அதற்கு வரும் நோயையும் முதலில் அறிதல் வேண்டும்.

இதயம் ஏறத்தாழ ஒருவருடைய மூடிய கையளவே உள்ள தசைப் பை. அது நாளொன்றுக்குச் சற்றொப்ப 1,00,000 முறை துடிக்கின்றது. உடலெங்கும் குருதியைச் செலுத்தும் இவ்வுறுப்புக்கும் உணவும் உயிர்வளியும் தேவை. தன் அறைகள் நிறையக் குருதி இருப்பினும், அதனின்று இதயத் தசை நேரே பயன் பெறுவது மிகவும் அரிது. பெருந்தமனி இதயத்தினின்று புறப்படும் இடத்திலேயே, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரு தமனிகள் பிரிகின்றன. அவை இதயத்தின் மேற்புறத்தை ஒரு முடிபோலச் சூழ்ந்து, பல கிளைகளாகப் பிரிந்து, தசையின் ஒவ்வொரு பகுதிக்கும் குருதியைக் கொண்டு சேர்க்கின்றன. அவற்றின் உட்புழை மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் அகலமே உடையது. மனிதனுடைய வாழ்வு இச்சிறு குழாய்களையே நம்பி நிற்கின்றது.

ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலருக்கு இத்தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிகின்றன. புகைபிடித்தல், நீரிழிவு, மிகை இரத்த அழுத்தம், குருதியில் மிகுந்த கொழுப்பு ஆகியன இப்படிவை விரைவுபடுத்துகின்றன. குழாய் குறுகக் குறுக, நடக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் இதயத் தசைக்கு வேண்டிய அளவு குருதி கிட்டுவதில்லை. அப்போது நெஞ்சில் இறுக்கமும் வலியும் தோன்றுகின்றன. படிந்த கொழுப்பின் மேற்பரப்பு திடீரென வெடிக்குமாயின், அவ்விடத்தில் குருதி உறைந்து தமனி முற்றிலும் அடைபடக்கூடும். இதுவே மாரடைப்பு. குருதி பெறாத தசை சிறிது நேரத்திலேயே மடியத் தொடங்குகின்றது; மடிந்த தசை மீண்டும் உயிர்பெறுவதில்லை. ஆதலின் அடைபட்ட தமனியைக் காலந்தாழ்த்தாது திறத்தல் வேண்டும். ஆனால் மார்புக்கூட்டினுள், ஓயாது துடிக்கும் ஓர் உறுப்பின்மேல் உள்ள சிறு குழாயை, மார்பைப் பிளவாது எங்ஙனம் அணுகுவது?

இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சி ஜெர்மனி நாட்டில் தொடங்கியது. 1929-ஆம் ஆண்டில் எபர்ஸ்வால்டே என்னும் ஊரின் மருத்துவமனையில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் பணியாற்றி வந்தார். கைச் சிரை வழியே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தினால், அஃது இதயத்தை அடையும் என்று அவர் கருதினார். உயிருக்கு இடர் விளையும் என அஞ்சிய தலைமை மருத்துவர் அம்முயற்சிக்கு இசையவில்லை. போர்ஸ்மன் தம் உடலையே ஆய்வுக்களமாகக் கொண்டார். முழங்கை மடிப்பில் உள்ள சிரையைத் திறந்து, 65 சென்டிமீட்டர் நீளம் வரை குழாயைச் செலுத்தினார். குழாய் உடலுள் இருக்கும் நிலையிலேயே எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்று படம் எடுக்கச் செய்தார். குழாயின் நுனி இதயத்தின் வலப்புறத்தில் இருப்பதை அப்படம் காட்டிற்று. அக்காலத்து மருத்துவர் பலர் இதனைப் பாராட்டவில்லை. அவரும் இதய ஆய்வை விடுத்துச் சிறுநீரக நோய் மருத்துவத்தை மேற்கொண்டார். எனினும் அவர் காட்டிய வழியை அமெரிக்காவில் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவர் வளர்த்தனர். 1956-ஆம் ஆண்டில் நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்து வழங்கப்பெற்றது.

போர்ஸ்மன் சென்றது சிரையின் வழி; அஃது இதயத்தின் வலப்புறத்தில் சென்று முடியும். இதயத் தமனிகளை அடைவதற்கோ, குருதி ஓடும் திசைக்கு எதிராக ஒரு தமனியினுள் சென்று பெருந்தமனியின் அடியை எய்துதல் வேண்டும். 1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்னும் மருத்துவர் பெருந்தமனியின் அடியில் சாயம் செலுத்திப் படம் எடுக்க முனைந்தார். அவ்வேளையில் குழாயின் நுனி எதிர்பாராது வலப்புற இதயத் தமனிக்குள் புகுந்துவிட்டது. சாயம் முழுவதும் அத்தமனியினுள்ளே பாய்ந்தது. நோயாளியின் இதயம் சில நொடிகள் நின்றது. இருமுமாறு சோன்ஸ் கூவினார். நோயாளி இருமியதும் இதயம் மீண்டும் துடித்தது. அத்தமனிக்குள் நேரே சாயம் செலுத்துவது உயிரைப் போக்கும் என்று அதுவரை அஞ்சியிருந்தனர். அவ்வச்சம் அன்று அகன்றது. இங்ஙனம் சாயத்தைச் செலுத்தி இதயத் தமனிகளைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் முறை பிறந்தது.

அடைப்பைக் காண்பதற்கு வழி பிறந்தது. அதனை நீக்குவதற்கு வழி பின்னர்ப் பிறந்தது. சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்னும் மருத்துவர், குழாயின் நுனியில் மிகச் சிறிய பலூன் ஒன்றைப் பொருத்தும் முறையைத் தம் வீட்டுச் சமையலறை மேசையிலேயே பல நாள் முயன்று உருவாக்கினார். 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள், 38 வயதுடைய ஒருவரின் இதயத் தமனியில் அப்பலூனை விரித்து அடைப்பை நெகிழ்த்தினார். இம்முறை ஆஞ்சியோபிளாஸ்டி எனப்படும். பலூனால் விரிந்த தமனி சிலருக்கு மீண்டும் சுருங்கியமையால், அதனைத் தாங்கி நிற்கும் உலோக வலைச் சுருள் ஒன்று 1986-ஆம் ஆண்டில் முதன்முதலாக மனித இதயத் தமனியில் வைக்கப்பட்டது. அதுவே ஸ்டென்ட் என வழங்குவது.

இக்கருவிகள் யாவும் உடலுள் நுழைவதற்கு ஒரு வாயில் வேண்டும் அன்றோ? சோன்ஸ் முழங்கையின் தோலை அறுத்து, அங்குள்ள தமனியைத் திறந்து, பணி முடிந்தபின் அதனைத் தைத்து மூடினார். பின்னர்த் தொடையிடுக்கே பெருவழக்காயிற்று. அறுவை இன்றியே தமனிக்குள் குழாய் செலுத்தும் முறையைச் சுவீடன் நாட்டுச் செல்டிங்கர் என்பார் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். ஊசியால் தமனியைத் துளைத்து, ஊசியின் உள்ளே ஒரு கம்பியைச் செலுத்தி, ஊசியை எடுத்துவிட்டுக் கம்பியின் மேலாகக் குழாயை நுழைப்பதே அம்முறை. தொடையிடுக்கில் உள்ள தமனி அகன்றது. அதன் அகலம் மணிக்கட்டுத் தமனியின் அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அங்கிருந்து பெருந்தமனிக்குச் செல்லும் பாதையும் பெரும்பாலும் நேரானது. ஆதலின் மருத்துவர்கள் அவ்வழியையே விரும்பியதில் வியப்பில்லை.

ஆயினும் அகன்ற வழிக்கு உரிய இடரும் அகன்றதாகவே இருந்தது. அத்தமனி ஆழத்தில் இருப்பது. குழாயை எடுத்தபின் அங்கு உண்டாகும் துளையை அழுத்தி மூடுதல் எளிதன்று. நோயாளி பல மணி நேரம் காலை அசைக்காது மல்லாந்து படுத்திருத்தல் வேண்டும். முதுகு நோய் உடையோர்க்கும் மூச்சுத்திணறல் உடையோர்க்கும் அது பெருந்துன்பம். சில வேளைகளில் துளையினின்று கசியும் குருதி வெளியே தோன்றாது வயிற்றின் பின்புறத்தே சேர்ந்துவிடும். நோயாளி தளர்ந்த பின்னரே அது தெரியவரும். மாரடைப்பு உற்றோர்க்கும் ஸ்டென்ட் வைக்கப்பெற்றோர்க்கும் குருதி உறையாதிருக்க வலிய மருந்துகள் தருதல் வேண்டும். இதயத் தமனியில் குருதி உறையாமல் தடுக்கும் அம்மருந்தே, தொடையில் உள்ள துளையிலும் குருதி உறையாமல் தடுத்துவிடுகின்றது. இதயத்தைக் காக்கும் மருந்து மற்றோரிடத்தில் உயிருக்கு இடராவதை மருத்துவர்கள் கவலையோடு கண்டனர்.

இந்நிலையில் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரின் இதய மருத்துவ நிலையத்தைச் சார்ந்த லூசியன் காம்போ என்பார், மணிக்கட்டின் ஆரைத் தமனி வழியாக 100 நோயாளிகளுக்கு ஆஞ்சியோகிராம் செய்ய முயன்று, அதன் விளைவை 1989-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்போது கருவிகள் முன்னினும் மெலிந்திருந்தமையே இதற்குத் துணையாயிற்று. அவ்வறிக்கையைக் கண்ட நெதர்லாந்து நாட்டு மருத்துவர் பெர்டினாண்ட் கீமெனே, அடைப்பை நீக்கும் பணியையும் அவ்வழியே செய்யலாம் எனத் துணிந்தார். 1992-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்து வெற்றி கண்டார். அடுத்த ஆண்டிலேயே ஸ்டென்டும் அவ்வழியே வைக்கப்பட்டது.

மணிக்கட்டுத் தமனியின் சிறப்புகள் மூன்று. அது தோலுக்கு அண்மையில் உள்ளது. ஆதலின் குருதி சிறிது கசிந்தாலும் உடனே கண்ணுக்குப் புலனாகும். அதன் அடியில் எலும்பு உள்ளது. ஆதலின் விரலால் அழுத்தினாலே துளை மூடிக்கொள்ளும். மூன்றாவது சிறப்பே தலையாயது. கைக்குக் குருதி கொணர்வது இத்தமனி ஒன்றே அன்று. சுண்டுவிரற் பக்கத்தில் மற்றொரு தமனியும் ஓடுகின்றது. அவ்விரண்டும் உள்ளங்கையில் வளைவாக ஒன்றோடொன்று இணைகின்றன. ஒருகால் கட்டைவிரற் பக்கத்துத் தமனி அடைபட நேரினும், பெரும்பாலோர்க்கு மற்றது கையை வாழ்விக்கும். தொடையிலும் முழங்கையிலும் இத்தகைய எளிய மாற்றுவழி இல்லை. இவ்விரு தமனிகளின் இணைப்பை ஆராயும் சோதனையை அமெரிக்க மருத்துவர் எட்கர் ஆலன் 1929-ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். இரு தமனிகளையும் அழுத்தி உள்ளங்கையை வெளிறச் செய்து, சுண்டுவிரற் பக்கத்தை மட்டும் விடுவித்து, செந்நிறம் திரும்புகின்றதா எனக் காண்பதே அச்சோதனையின் பின்னர்த் திருத்தப்பட்ட வடிவம்.

இனி, இச்சிகிச்சை நிகழும் முறையைக் காண்போர்க்கு அதன் நுட்பம் விளங்கும். நோயாளி விழித்த நிலையிலேயே மேசையின்மேல் படுத்திருப்பார். அவருடைய மணிக்கட்டில் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சிறிதளவு ஏற்றுவர். பின்னர் நுண்ணிய ஊசியால் தமனியைத் துளைத்து, கம்பியை நுழைத்து, அதன்மேல் ஓர் உறைக் குழாயைப் பொருத்துவர். பணி முடியும்வரை அவ்வுறையே வாயிற்கதவாக நிற்கும். தமனி சுருங்காதிருக்க ஒரு மருந்தும், குருதி உறையாதிருக்க ஹெபரின் என்னும் மருந்தும் செலுத்தப்படும். அதன்பின் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய் முன்கை, மேற்கை, தோள் ஆகியவற்றைக் கடந்து பெருந்தமனியை அடையும். அதன் பருமன் பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டர் அளவே. தமனியின் உள்ளே அது நகர்வதை நோயாளி பெரும்பாலும் உணர்வதில்லை.

குழாயின் வளைந்த நுனி இதயத் தமனியின் வாயிலிற் பொருந்தியதும், சாயம் செலுத்தப்படும். எக்ஸ் கதிர்த் திரையில் தமனியின் கிளைகள் இலையுதிர்ந்த மரத்தின் கிளைகளைப்போலத் தோன்றும். அடைப்புள்ள இடம் குறுகியோ அறுபட்டோ காணப்படும். மயிரிழை போன்ற மற்றொரு கம்பியை அவ்விடத்தைக் கடந்து செலுத்தி, அதன்மேல் சுருங்கிய பலூனை அனுப்புவர். பலூனை விரிப்பது காற்று அன்று. சாயம் கலந்த நீர்மமே. பலூன் எதிர்பாராது உடைந்தாலும் குருதியில் காற்றுக் குமிழி புகாதிருக்கவும், பலூன் விரிவது திரையில் தெரியவும் இவ்வேற்பாடு உதவுகின்றது. பலூன் விரியும்போது அதன்மேல் பொதிந்த ஸ்டென்டும் விரிந்து தமனியின் சுவரோடு பொருந்தி நிற்கும். பலூனைச் சுருக்கி வெளியே எடுத்தபின், குருதி தடையின்றி ஓடுவதைத் திரை காட்டும்.

இறுதியில் உறைக் குழாயை நீக்கி, மணிக்கட்டில் ஒரு பட்டையை அணிவிப்பர். அதிலுள்ள சிறு பையில் காற்றை நிரப்ப, அது துளையின்மேல் அழுந்தும். இங்கும் ஓர் அளவு உண்டு. அழுத்தம் குறைந்தால் குருதி கசியும். மிகுந்தால் தமனியே அடைபட்டுவிடும். ஆதலின், கசிவு நிற்கவும் தமனியில் ஓட்டம் நில்லாதிருக்கவும் தக்க அளவிலேயே அழுத்துவர். சில மணி நேரத்தில் பட்டை அகற்றப்படும். உடல்நிலை இடந்தருமாயின், நோயாளி விரைவிலேயே எழுந்து அமரலாம், நடக்கலாம், மற்றக் கையால் தாமே உண்ணலாம்.

இத்துணை நலம் உடைய முறையை மருத்துவ உலகம் உடனே ஏற்றதோ எனின், இல்லை. சிறு தமனியை ஊசியால் துளைப்பது கடினம். தீண்டிய அளவில் சுருங்கிக்கொள்வதும் அதன் இயல்பு. சிலருக்குக் கையின் தமனி வளைந்தும் சுழன்றும் செல்லும்; தோளுக்கு அருகில் பெருந்தமனியை நோக்கித் திரும்புமிடமும் நேராக இராது. தொடை வழியே பல்லாண்டு பழகிய கை, புதிய வழியில் தடுமாறியது. தொடக்கத்தில் காலமும் மிகுதியாகச் செலவாயிற்று. ஆதலின் முதிர்ந்த மருத்துவர்களும் மாணவர்களைப்போல மீண்டும் பயில வேண்டியவராயினர். இப்பயிற்சியை மேற்கொள்ள எல்லோரும் விரும்பவில்லை.

ஐயங்களை அகற்றியவை பேராய்வுகளே. 2011-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று 32 நாடுகளில் 7,021 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மணிக்கட்டு வழியும் மற்றவர்க்குத் தொடை வழியும் மேற்கொண்டது. மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு, பெருங்குருதிக் கசிவு ஆகியவற்றை ஒருங்கே எண்ணியபோது இரு பிரிவினர்க்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் துளையிட்ட இடத்தில் உண்டாகும் கேடுகள் மணிக்கட்டுப் பிரிவினர்க்கு நூற்றுக்கு 1.4 ஆகவும், தொடைப் பிரிவினர்க்கு 3.7 ஆகவும் இருந்தன. 2015-ஆம் ஆண்டில் 8,404 நோயாளிகளைக் கொண்டு ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், ஒரு திங்களுக்குள் இறந்தோர் மணிக்கட்டுப் பிரிவில் நூற்றுக்கு 1.6, தொடைப் பிரிவில் 2.2. வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயிரவர்க்குச் சிகிச்சை செய்யின், அது ஆறு உயிர்களின் வேறுபாடாகும். பின்னர் வந்த ஆய்வுகள் யாவும் இறப்பில் இதே அளவு வேறுபாட்டைக் காட்டவில்லை. எனினும் குருதிக் கசிவு குறைவதில் ஐயம் இல்லை. ஐரோப்பிய இதய மருத்துவக் கழகம் 2015-ஆம் ஆண்டிலும், அமெரிக்க இதய மருத்துவக் கழகங்கள் 2021-ஆம் ஆண்டிலும் மணிக்கட்டு வழிக்கு முதலிடம் தருமாறு அறிவுறுத்தின.

இதனால் தொடை வழி வேண்டாததாகிவிடவில்லை. மிகப் பருத்த கருவிகள் தேவைப்படும்போதும், கையின் தமனி மிகச் சிறிதாகவோ அடைபட்டோ இருக்கும்போதும், நோயாளியின் உயிரைக் காக்க அவ்வழியே உதவும். ஆதலின் நல்ல மருத்துவர் இரு வழியிலும் பயிற்சி உடையவராய் இருத்தல் வேண்டும். அன்றியும், எவ்வழியே அடைப்பை நீக்கினும், அடைப்பை உண்டாக்கிய காரணங்கள் தாமாக நீங்கிவிடுவதில்லை. புகையை விடுத்தல், அளவறிந்து உண்ணல், நாள்தோறும் நடத்தல், மருத்துவர் குறித்த மருந்தைத் தவறாது உட்கொள்ளல் ஆகியன நோயாளியே செய்துகொள்ள வேண்டியவை.

இதயத்திற்குச் செல்லும் வழிகளுள் அகன்றது தொடையில் உள்ளது. மருத்துவருக்கு எளிதும் அதுவே. மணிக்கட்டு வழியோ குறுகியது. பயிற்சியும் பொறுமையும் வேண்டுவது. அதன் அருமையை மருத்துவர் தம்மேல் ஏற்றுக்கொள்ளும்போது, நோயாளியின் துன்பம் குறைகின்றது; சிலருடைய உயிரும் பிழைக்கின்றது. தம் கைக்குப் பழகிய முறையைவிட நோயாளியின் நலமே பெரிதெனக் கொண்டு, மீண்டும் பயிலத் துணிந்த மருத்துவர்களாலேயே இவ்வழி உலகிற்குத் திறந்தது.